அளவறிந்து அருந்த வேண்டிய அருமருந்து நிலாவாரை



உங்கள் இல்லத்து அடுக்களை அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். தேன் இருக்கும்; கருஞ்சீரகம் இருக்கும்; ஓமமும் சுக்கும் இருக்கும். அவற்றுக்குப் பின்னால், ஒரு பழைய புட்டியில், மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் உலர்ந்த சிறு இலைகளும் இருக்கக்கூடும். நாட்டு மருந்துக் கடைக்காரர் அதனை நிலாவாரை என்பார். சித்த வைத்தியர் நிலவாகை என்பார். யூனானி ஹகீம் 'பர்கே சனா' என்று சீட்டில் எழுதுவார். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் 'சனா மக்கி' என்று சொல்லி, புனித மக்காவிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து உறவினருக்குப் பகிர்ந்து கொடுப்பதும் உண்டு.

பெயர்கள் பல, மூலிகை ஒன்றுதான். மலச்சிக்கலைப் போக்கும் மருந்துகளுள் உலகம் முழுவதும் அறிந்த ஒன்று அது. அதன் சிறப்பை நம்மில் பலரும் அறிவோம். அதன் அளவை அறிந்தவர்கள்தாம் மிகக் குறைவு. அந்தக் குறையினால் என்ன நேரும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே கண்டோம்.

பெரிய மாமியின் அனுபவம்

என் வாப்பாவின் மூத்த சகோதரியை நாங்கள் 'பெரிய மாமி' என்று அழைப்போம். வயது அறுபதைக் கடந்தபோது அவர்களுக்கு மலச்சிக்கல் தொல்லை வந்தது. யாரோ சொல்லக் கேட்டு, ஓர் இரவு நிலாவாரைப் பொடியை ஒரு கரண்டி வெந்நீரில் கலந்து குடித்தார்கள். மறுநாள் காலை வயிறு இலகுவாயிற்று. அன்று முதல் அந்தப் பொடியின் மீது அவர்களுக்குப் பெரும் நம்பிக்கை. மாதம் ஒருமுறை என்றிருந்தது வாரம் ஒருமுறையாயிற்று. பின்னர் இரவுதோறும் என்றாயிற்று. ஒரு கரண்டி கேட்கவில்லை என்று இரண்டு கரண்டியானது. "நபிகள் நாயகம் சொன்ன மருந்தம்மா; இதிலே என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்று எங்கள் வாயை அடைத்துவிடுவார்கள்.

ஒரு ரமளான் மாத இரவில், தராவீஹ் தொழுகையின்போது, ஸஜ்தாவிலிருந்து அவர்களால் எழ முடியவில்லை. கால்கள் துவண்டன, நெஞ்சு படபடத்தது. மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது தெரியவந்தது. "தினமும் வயிற்றுக்காக ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. இரவுதோறும் குடித்த பொடியும், இரத்தக் கொதிப்புக்காக உண்டுவந்த, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்து உடலின் உப்புச்சத்தை வடித்துவிட்டிருந்தன. அல்ஹம்துலில்லாஹ், சில நாட்களில் நலம்பெற்று வீடு திரும்பினார்கள்.

அந்த மருத்துவரின் கேள்வி என் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஏனெனில், ஏறத்தாழ அதே கேள்வியை அண்ணல் நபி (ஸல்) அவர்களும் ஒரு பெண்மணியிடம் கேட்டிருக்கிறார்கள்.

நபிமொழி தரும் பாடம்

அந்தப் பெண்மணி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள். அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்களுள் ஒருவர். ஜஅஃபர் (ரலி) அவர்களின் துணைவியாக இருந்து, அவர்கள் ஷஹீதான பின்னர் அபூபக்ர் (ரலி) அவர்களையும், அவர்களுக்குப் பின் அலீ (ரலி) அவர்களையும் மணந்தவர். வயிறு இளகுவதற்கு எதனைப் பயன்படுத்துகிறீர் என்று அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். 'ஷுப்ரும்' என்னும் மருந்தை அஸ்மா (ரலி) குறிப்பிட்டார்கள். அது கடும் சூடுடையது என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அதன்பின் அஸ்மா (ரலி) சனாவைப் பயன்படுத்தலானார்கள். மரணத்தைப் போக்கும் தன்மை ஏதேனும் ஒரு பொருளுக்கு இருந்திருக்குமானால் அது சனாவுக்கே இருந்திருக்கும் என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அதனைப் புகழ்ந்ததாக அறிவிப்பு அமைந்துள்ளது. திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களின் மருத்துவப் பகுதிகளில் இது இடம்பெற்றுள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே விமர்சனம் உண்டு என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

இந்நிகழ்ச்சியை நிதானமாகச் சிந்தியுங்கள். ஷுப்ரும் என்பது பால் வடியும் கள்ளி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி. அதுவும் மூலிகைதான், அதுவும் வயிற்றை இளக்கும். ஆயினும் அதன் கடுமை சுட்டிக்காட்டப்பட்டது, மென்மையானது போற்றப்பட்டது. 'பச்சிலை என்றால் தீங்கில்லை' என்னும் எண்ணம் இந்நிகழ்ச்சியில் எங்கும் இல்லை. உடலுக்குக் கடுமை செய்யாத மருந்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே இதன் உட்பொருள். அந்த மென்மையான மருந்தையே அளவு கடந்து அருந்தி நாம் கடுமையாக்கிக் கொள்வோமானால், நபிமொழியைப் பின்பற்றியவர்களாக எப்படி ஆவோம்?

இப்னு மாஜாவில் உள்ள மற்றோர் அறிவிப்பில் சனாவுடன் 'ஸனூத்' என்பதும் சேர்த்துக் கூறப்படுகிறது. ஸனூத் என்பது தேன் என்றனர் சிலர். சதகுப்பை என்றனர் சிலர். சீரகம் என்றனர் வேறு சிலர். இவற்றுள் எதனைக் கொண்டாலும் பொருத்தமே. சனா தனியே சென்றால் சிலருக்கு வயிற்றை முறுக்கும். சீரகமும் சதகுப்பையும் அந்த முறுக்கலைத் தணிக்கப் பயன்பட்டு வருபவை. தேன் கசப்பை மாற்றிக் குடிப்பதை எளிதாக்கும்.

திருநெல்வேலிச் சீமையின் செல்வம்

சனாவின் பிறப்பிடம் அரபு நாடும், செங்கடலுக்கு அப்பாலுள்ள ஆப்பிரிக்கக் கரையும் ஆகும். மேலைநாட்டு மருத்துவத்துக்கு இதனை அறிமுகப்படுத்தியவர்கள் அரபு மருத்துவர்களே. 'சனா' என்னும் அரபுச் சொல்தான் ஐரோப்பிய மொழிகளில் 'சென்னா' என்று வழங்குகிறது.

நம் நாட்டில் இதற்குச் 'சூரத்து நிலாவாரை' என்றும் ஒரு பெயர் உண்டு. முன்னாளில் ஹாஜிகள் கப்பலேறிய துறைமுகம் சூரத். 'பாபுல் மக்கா', அதாவது மக்காவின் வாசல் என்றே அது அழைக்கப்பட்டது. அந்தத் துறைமுகத்தின் பெயர் இந்த இலையோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் இது பயிரிடப்பட்டது. நெல்லுக்கு நீரில்லாத வறண்ட நிலமே இதற்குப் போதும். மஞ்சள் நிறப் பூக்களுடன் முழங்கால் முதல் இடுப்பளவு வரை வளரும் இச்செடியை ஆடுமாடுகள் பெரும்பாலும் மேய்வதில்லை. விதைத்த இரண்டு மூன்று மாதங்களில் இலைகளை உருவி எடுத்து நிழலில் உலர்த்துவார்கள். இங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே கடல்கடந்து சென்ற இலைக்கு 'டின்னவெல்லி சென்னா' என்று வணிகப் பெயர் ஏற்பட்டது. ஆங்கிலேயரின் மருந்து நூல்களிலும் அப்பெயர் ஏறிற்று. தென் மாவட்டங்களில் இன்றும் இது பயிராகிறது. இராஜஸ்தானிலும் குஜராத்திலும் பயிரிடுகிறார்கள்.

ஆகவே, 'மக்காவிலிருந்து வந்தது' என்று சொல்லி அதிக விலை கேட்டால் மயங்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் புன்செய்யில் விளைவதும் அதே மருந்துதான்.

உடலில் இது செய்யும் வேலை

இந்த இலையின் ஆற்றல் 'சென்னோசைடு' என்னும் பொருளில் அடங்கியிருக்கிறது. இரைப்பையிலும் சிறுகுடலிலும் இது பெரும்பாலும் மாற்றமின்றிக் கடந்து போகும். பெருங்குடலை அடைந்ததும், அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து, செயல்படும் பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது. மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்வதையும் குறைக்கிறது. அதனால் மலம் இளகி வெளியேறுகிறது.

இந்தப் பயணம் முடிய 8 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவில் அருந்தச் சொல்வதன் காரணம் இதுதான். இரண்டு மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று மறுபடியும் ஒரு கரண்டி குடிப்பவர்கள், மறுநாள் படும் பாட்டுக்குத் தாமே காரணமாகிறார்கள்.

நாள்தோறும் குடித்தால், நீருடன் உப்புச்சத்துகளும் வெளியேறும். பொட்டாசியம் குறையும்போது தசைகள் சோரும். இதயத் துடிப்பு தடுமாறும். நாளடைவில், தூண்டுதல் இருந்தால்தான் வயிறு கழியும் என்ற நிலையும் சிலருக்கு வந்துவிடுகிறது. பெரிய மாமியின் கரண்டி ஒன்றிலிருந்து இரண்டான கதை இதுதான்.

ஹகீம்கள் கையாண்ட முறை

நம் முன்னோரான மருத்துவர்கள் இதனை அறியாதவர்களல்லர். யூனானி மருத்துவத்தில் சனா 'முஸ்ஹில்' வகையைச் சேர்ந்தது. அதாவது கழிவை வெளியேற்றுவது. கைதேர்ந்த ஹகீம் எடுத்த எடுப்பில் முஸ்ஹில் கொடுப்பதில்லை. முதலில் 'முன்ஸிஜ்' என்னும், கழிவைப் பக்குவப்படுத்தும் மருந்துகளைச் சில நாட்கள் கொடுத்துவிட்டுத்தான் முஸ்ஹிலுக்கு வருவார். அப்போதும் சனாவைத் தனியே தருவதில்லை. அதன் கடுமையைத் திருத்தும் 'முஸ்லிஹ்' ஆக உலர்ந்த ரோஜா இதழைச் சேர்ப்பார். உலர்ந்த திராட்சையும் சோம்பும் சேர்ப்பதுண்டு.

இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் 'ஸாதுல் மஆத்' நூலின் மருத்துவப் பகுதியில் சனாவைப் பற்றி எழுதுமிடத்தில், பொடியாக விழுங்குவதைவிட நீரில் வேகவைத்து அந்நீரைக் குடிப்பதே ஏற்றது என்னும் மருத்துவக் கருத்தை எடுத்துக் காட்டுகிறார்கள்.

சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்திலும் இதே நோக்கம் புலப்படும். சுக்கு, மிளகு, ஓமம், வாய்விடங்கம் ஆகியவை நிலவாகையுடன் சேர்கின்றன. இரு வழி மருத்துவர்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: சனா ஆற்றல் மிக்கது, அதற்குத் துணையும் வேண்டும், அளவும் வேண்டும்.

இல்லத்தில் அருந்தும் முறை

வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர் ஒருவருக்கு, எப்போதேனும் ஏற்படும் மலச்சிக்கலுக்கு, உலர்ந்த இலை அரை கிராம் முதல் 1 கிராம் வரை போதும். கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். நாட்டு மருந்துக் கடையிலேயே 1 கிராம் வீதம் நிறுத்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

ஒரு குவளை வெந்நீரில் இலையைப் போட்டு மூடி, 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அல்லது, காலையில் குளிர்ந்த நீரில் போட்டு இரவு வரை ஊறவைத்து வடித்துக் கொள்ளலாம். குளிர்ந்த நீரில் ஊறும்போது, வயிற்றை முறுக்கும் பிசின் பொருள் குறைவாகவே இறங்கும் என்பர். சிறிது சோம்போ சீரகமோ சேர்த்து, ஆறியபின் தேன் கலந்து, உறங்கப் போகுமுன் அருந்துங்கள். நீர் நிறையக் குடியுங்கள். சிறுநீர் சற்றுச் செம்மஞ்சளாகப் போனால் அஞ்ச வேண்டாம். அது இலையின் நிறமே.

ஒருநாள், இருநாள் போதும். மருத்துவரின் ஆலோசனையின்றி ஒரு வாரத்துக்கு மேல் எக்காரணம் கொண்டும் தொடர வேண்டாம்.

நோன்புக் காலத்தில் தனிக் கவனம் தேவை. இஃப்தாருக்குப் பின் குடித்த மருந்து ஸஹருக்குப் பின்னர்தான் வேலை செய்யத் தொடங்கும். நீர் அருந்த முடியாத பகற்பொழுதில் வயிறு கழிந்தால் உடல் வறண்டு, நோன்பையே முறிக்க நேரிடலாம். ரமளானில் மலச்சிக்கலுக்குப் பேரீச்சம்பழமும், அத்திப்பழமும், கீரையும், இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே பருகும் போதிய நீருமே முதல் மருந்து.

வாங்கும்போது கவனியுங்கள்

பொடியாக வாங்காமல் இலையாகவே வாங்குங்கள். நல்ல இலை மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். பழுப்பேறிக் கருத்தது பழையது. இதன் உறவுச் செடியான ஆவாரையின் இலையைக் கலப்பதும் உண்டு. நிலாவாரை இலையின் நுனி ஈட்டிபோல் கூராகக் குறுகும். ஆவாரை இலையின் நுனி மழுங்கியிருக்கும். பொடித்துவிட்டால் இந்த வேறுபாடு தெரியாது. ஈரமும் வெளிச்சமும் படாத மூடிய புட்டியில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எவர் அருந்தலாகாது?

காரணம் தெரியாத வயிற்றுவலி உள்ளவர்கள் தொடவே கூடாது. அது குடல்வால் அழற்சியாகவோ குடல் அடைப்பாகவோ இருக்குமானால், பேதி மருந்து உயிருக்கே ஆபத்தாகும். குடலில் புண்ணோ அழற்சியோ உள்ளவர்களும், வாந்தி வயிற்றுப்போக்கால் உடல் வறண்டவர்களும் விலகி இருக்க வேண்டும். இதய நோய்க்கு டிகாக்ஸின் உண்பவர்கள், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்கள், ஸ்டீராய்டு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் அருந்த வேண்டாம். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் அவ்வாறே.

கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் பேதிக்குக் கொடுப்பது முன்னாளில் பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இவ்விலையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். குழந்தையின் சிறிய உடலில் நீரிழப்பு விரைவில் ஆபத்தாக முடியும்.

இளம்பெண்களுக்கு ஒரு சொல். உடல் இளைக்க உதவும் என்று விற்கப்படும் சில மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களில் சேர்ந்திருப்பது இந்தச் சனாவே. உறையின் மீதுள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். அதனால் குறையும் எடை கொழுப்பன்று, உடலின் நீர். மறுபடியும் நீர் அருந்தியதும் அந்த எடை திரும்பிவிடும். இழந்த உடல்நலம் அத்தனை எளிதில் திரும்பாது.

'எல்லா நோய்க்கும்' என்று எவரேனும் சொன்னால்

2020 ஆம் ஆண்டு கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, அண்டை நாடான பாகிஸ்தானில், சனா மக்கி அந்நோயைக் குணப்படுத்தும் என்ற செய்தி கைபேசி வழியே காட்டுத்தீயாய்ப் பரவியது. மக்கள் கடைகளை முற்றுகையிட்டனர். இலையின் விலை தாறுமாறாக ஏறியது. இதற்கு ஆதாரம் இல்லை என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். காய்ச்சலில் வாடும் நோயாளிக்கு வயிற்றுப்போக்கையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் என்ன ஆவார் என்று எண்ணிப் பாருங்கள்!

இத்தகைய செய்திகள் நபிமொழியின் பெயராலேயே பரவுகின்றன. ஆனால் நபிமொழி விளக்கவுரையாளர்கள் இங்கு நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். கருஞ்சீரகம் எல்லா நோய்க்கும் நிவாரணம் என்று வரும் அறிவிப்பை விளக்கிய இமாம் கத்தாபீ (ரஹ்) போன்றோர், சொல் பொதுவாக இருந்தாலும் கருத்து குறிப்பிட்ட நோய்களையே சுட்டும் என்று எழுதியுள்ளனர். சனாவைப் பற்றிய அறிவிப்பையும் அதே நிதானத்தோடு அணுகுவதே அறிவுடைமை.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் நம்மைப் பணித்திருக்கிறார்கள். மருத்துவம் என்பது மருந்தின் பெயரை அறிவது மட்டுமன்று. நோயை அறிவதும், அளவை அறிவதும், நிறுத்த வேண்டிய நேரத்தை அறிவதும் சேர்ந்ததே மருத்துவம். மலச்சிக்கல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, அதனை நிலாவாரையால் மூடி மறைக்காதீர்கள். உள்ளே வேறு நோய் வளர்ந்துகொண்டிருக்கலாம். உடனே மருத்துவரை நாடுங்கள்.

எங்கள் பெரிய மாமி இன்று காலையில் இரண்டு குவளை நீர் அருந்துகிறார்கள். இரவில் ஊறவைத்த அத்திப்பழம் உண்கிறார்கள். அஸருக்குப் பின் முற்றத்தில் நடக்கிறார்கள். நிலாவாரைப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதன் மேல் என் மகள் ஒரு சீட்டை ஒட்டி, "1 கிராம். இரண்டு நாளுக்கு மேல் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

உங்கள் இல்லத்துப் புட்டியிலும் அப்படியொரு சீட்டை இன்றே ஒட்டி வையுங்கள். அதற்குமுன், இரவுதோறும் எதை அருந்துகிறீர்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அன்போடு ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வாறு கேட்பது நம் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த பரிவாகும்.

நோயையும் படைத்து அதற்கு நிவாரணத்தையும் படைத்த வல்ல அல்லாஹ், நம் அனைவருக்கும் உடல்நலத்தையும், அவன் தந்த அருட்கொடைகளை அளவறிந்து பயன்படுத்தும் நல்லறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.